மோட்டார் சைக்கிளில் ஏறும் காலுக்கு எதைப் போடுவது? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் புதிய ஓட்டுநர்களுக்கு

சாரதி அனுமதிப்பத்திரம் கைக்கு வந்ததும் முதலில் தலைக்கவசம் வாங்குகிறோம். சட்டம் கேட்கிறது, வீட்டாரும் கேட்கிறார்கள். காலுக்கு என்ன போடுவது என்று யாரும் கேட்பதில்லை. வாசலில் எது கிடக்கிறதோ அதை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறோம். ஆரையம்பதியில் நின்று பாருங்கள், கல்முனையில் நின்று பாருங்கள், அக்கரைப்பற்றில் நின்று பாருங்கள்: மோட்டார் சைக்கிளில் போகிறவர்களின் காலில் அதிகம் தெரிவது இறப்பர்ச் செருப்புத்தான். இதை மாற்ற வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகப் பந்தய ஓட்டக்காரர் அணியும் முழங்கால் உயர பூட்ஸ் வாங்கச் சொல்லப் போவதில்லை. வேலைக்கும் வகுப்புக்கும் சந்தைக்கும் வண்டியில் போய், இறங்கிய பிறகும் அதே சப்பாத்தோடு நாள் முழுவதும் நடமாட வேண்டியவர்களுக்காக எழுதுகிறேன்.

நம் பக்கத்துக்கு எது நல்ல சப்பாத்து என்று கேட்டால் என் பதில் இதுதான்: நீங்கள் கழற்றும்போது சட்டென்று கழல வேண்டும், தானாக மட்டும் கழலவே கூடாது. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருபவை.

முதலில் வண்டியைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு ஏறி உட்காருங்கள். கால் இரண்டும் என்னென்ன செய்கின்றன என்று கவனியுங்கள். இடது கால் கியர் மாற்றுகிறது. வலது கால் பின் பிரேக்கை மிதிக்கிறது. சைலன்சரும் கிக்கரும் பெரும்பாலும் வலப்பக்கம், பக்க ஸ்டாண்ட் இடப்பக்கம். நிறுத்தும்போது வண்டியின் பாரம் முழுவதையும் தாங்க ஒரு கால் நிலத்துக்கு வருகிறது.

இடது காலில் இருந்து தொடங்குவோம். முன்னும் பின்னும் மிதிக்கும் நீண்ட கியர் தண்டு உள்ள வண்டி என்றால் விரலாலும் குதிகாலாலும் மிதித்தே ஓட்டிவிடலாம். சப்பாத்தின் மேற்புறத்துக்கு அவ்வளவு வேலை இல்லை. ஆனால் முதல் கியர் கீழே, மற்றவை எல்லாம் மேலே என்று அமைந்த வண்டிகளில் பெருவிரலின் மேற்புறத்தால் தண்டைத் தூக்க வேண்டும். நகருக்குள் ஓடினால் ஒரு நாளில் எத்தனை தடவை தூக்குகிறோம் என்று எண்ணவே முடியாது. இப்படிப்பட்ட வண்டியை ஓட்டுகிற யாருடைய பழைய சப்பாத்துச் சோடியையாவது எடுத்துப் பாருங்கள். வலதில் மினுக்கம் போகாமல் இருக்கும். இடதில் பெருவிரலுக்கு நேர் மேலே ஒரு விரல் அகலத்துக்குக் கறுத்து, தோல் உரிந்து, கன்வஸ் என்றால் நூல் தெரியத் தொடங்கியிருக்கும். செருப்போடு ஓட்டுகிறவருக்கு அந்தத் தேய்மானம் முழுவதையும் நகமும் தோலும்தான் வாங்கிக்கொள்கின்றன.

ஆகவே சப்பாத்தின் அந்த இடம் தடிப்பாக இருக்க வேண்டும். விரல் பகுதியில் இரண்டாவது தோல் வைத்துத் தைத்திருந்தால் மிகவும் நல்லது. இல்லாவிட்டால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒரு தோல் துண்டு வைத்துத் தைத்துக்கொள்ளலாம். கியர் தண்டின் முனையில் உள்ள இறப்பர் உறை தேய்ந்து இரும்பு வெளியே தெரிந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். சின்னச் செலவுதான், சப்பாத்தின் ஆயுள் கூடும்.

வலது காலுக்கு வேண்டியது வேறு. பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது பாதத்துக்குத் தெரிய வேண்டும். ஓடுவதற்கென்று செய்த சில சப்பாத்துகளின் அடி பஞ்சு வைத்ததுபோல் தடித்து மெத்தென்று இருக்கும். நடக்கச் சுகம். ஆனால் பிரேக்கில் வைத்தால் முதலில் அடி அமுங்கும், பிறகுதான் பிரேக் அமுங்கும். புதிதாக ஓட்டுகிறவர் இந்த இடைவெளியில் தேவைக்கு மேல் மிதித்துவிடுவார். மணல் படிந்த வீதியில் பின் சில்லு இறுகிச் சறுக்க அது போதும். நடுத்தரத் தடிப்பும் ஓரளவு விறைப்பும் உள்ள அடியே ஏற்றது.

நிலத்தில் ஊன்றும் காலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் நிலம் அப்படி. கல்லடியிலும் பாசிக்குடாவிலும் அறுகம்பைப் பக்கத்திலும் கடற்கரையை ஒட்டிய வீதிகளின் ஓரத்தில் எப்போதும் மணல் கிடக்கும். படுவான்கரையில் மாரிக்குக் களிமண். அறுவடைக் காலத்தில், அதாவது பெரும்போகத்துக்கு மாசி பங்குனியை ஒட்டியும் சிறுபோகத்துக்கு ஆவணியை ஒட்டியும், தார் வீதியின் பாதி அகலத்துக்கு நெல் பரப்பிக் காயவிடுவார்கள். எதிரே பஸ் வருகிறது, நீங்கள் ஓரத்துக்கு ஒதுங்கி நிறுத்துகிறீர்கள், இடது கால் இறங்குவது நெல்மேல். காய்ந்த நெல்மணி காலடியில் உருளும். தேய்ந்து வழவழத்த அடியாக இருந்தால் கால் வெளியே ஓடும், வண்டி கூடவே சாயும். அடியில் ஆழமான வெட்டுகள் இருந்தால் மணிகள் அந்த வெட்டுக்குள் இறங்கிக் கால் நிலத்தைத் தொடும். சப்பாத்தின் அடியைப் புரட்டிப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

எதையெல்லாம் வாசலிலேயே விட்டுவிட வேண்டும்

இறப்பர்ச் செருப்பு விரலிடையில் உள்ள ஒரு குமிழில்தான் நிற்கிறது. காலைப் பின்னுக்கு வைத்து ஊன்றும்போது அதன் முன்முனை நிலத்தில் தட்டி உள்ளே மடங்கும். குமிழ் பிடுங்கிக்கொண்டு வரும். குதிப்பக்கம் தொங்குவதால் கால்வைக்கும் தண்டுக்கும் பிரேக் மிதிக்கும் இடையில் செருகிக்கொள்ளும். மழையில் நனைந்தால் செருப்பு நிலத்தில் நின்றாலும் அதற்குள்ளே பாதம் வழுக்கும். குதியில் பட்டி இல்லாத தோல் செருப்பும், துளை போட்ட மெத்தைச் செருப்பும், குதி உயர்ந்த பாதணியும் இதே வகையில் சேர்ந்தவை.

“பக்கத்துக் கடைக்குத்தானே” என்று சொல்வார்கள். 100 சி.சி. வண்டியே 100 கிலோவுக்கு மேல். 150 சி.சி. வண்டி 140 கிலோ அளவில் இருக்கும். அது ஒழுங்கையில் விழுந்தாலும் பிரதான வீதியில் விழுந்தாலும் அதே பாரம்தான். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றின் மேற்புறத்தில் தோலும் நரம்பும் தவிர மூடுவதற்குச் சதை அதிகம் இல்லை. குதியைச் சுற்றிப் பட்டி இழுத்துக் கட்டும் சாண்டலை, தவிர்க்க முடியாத நாளில், ஊருக்குள் மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

கழற்றி மாட்டும் தொல்லை

சப்பாத்துப் போடுங்கள் என்று சொன்னால் நம்மவர்கள் சொல்லும் மறுப்பு வெயில் அல்ல, விலையும் அல்ல. “எத்தனை தடவை கழற்றுவது?” என்பதுதான். அது நியாயமான கேள்வி. காலையில் மாமாங்கப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர் கழற்ற வேண்டும். ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போகிறவர் ஐந்து வேளையும் கழற்ற வேண்டும். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் கழற்ற வேண்டும். சில கடைகளிலும் வைத்தியர்களின் அறைகளிலும் அப்படித்தான். எட்டுக் கண்ணில் லேஸ் கோத்த உயர்ந்த பூட்ஸை வாங்கியவர் இரண்டு கிழமை பொறுப்பார். பிறகு அது அலமாரிக்குப் போய்விடும், இறப்பர்ச் செருப்பு திரும்பி வந்துவிடும். அதனால் வெளிநாட்டு ஆலோசனையை அப்படியே எடுத்து லேஸ் கட்டிய பூட்ஸே சிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

நம் பழக்கத்துக்குப் பொருந்துவன இரண்டு வகை. ஒன்று, கணுக்கால் வரை உயர்ந்து, இரு பக்கமும் இழுபடும் இறப்பர்த் துணி வைத்த தோல் சப்பாத்து. இழுத்து மாட்டலாம், குதியைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும், தொங்கும் கயிறு எதுவும் கிடையாது. வாங்கும்போது அந்த இறப்பர்த் துணி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்துபோனால் சப்பாத்தும் செருப்பும் ஒன்றுதான். மற்றது, உள்பக்கம் சிப் வைத்த, வெளியே லேஸ் உள்ள கணுக்கால் சப்பாத்து. லேஸை ஒரு தடவை உங்கள் காலுக்கு அளவாகக் கட்டி வைத்துவிட்டால், பிறகு நாள்தோறும் சிப்பை மட்டும் இழுத்தால் போதும்.

லேஸ் உள்ளதுதான் பிடிக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம், ஆனால் லேஸின் நுனி வெளியே தொங்கக் கூடாது. இது சிறிய விடயம் போலத் தெரியும். வலது சப்பாத்தின் லேஸ் பிரேக் மிதியிலோ கால்வைக்கும் தண்டிலோ ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால், ஓடும்போது உங்களுக்குத் தெரியவே தெரியாது. நிறுத்திக் காலை இறக்கப் பார்க்கும்போதுதான் கால் வரவில்லை என்று தெரியும். அந்த நேரத்தில் வண்டி ஏற்கெனவே சாய்ந்துகொண்டிருக்கும். இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்ச லேஸைச் சப்பாத்தின் நாக்குக்கு உள்ளே செருகுங்கள்.

கடையில் என்ன செய்வது

மாலையில் போங்கள். பகல் முழுவதும் நடந்து, வெயிலில் நின்ற பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த அளவு மாலையில் கடிக்கும். நாள்தோறும் போடும் காலுறையையே போட்டுக்கொண்டு போங்கள். முடிந்தால் நீங்கள் ஓட்டும் வண்டியிலேயே போய்க் கடை வாசலில் நிறுத்துங்கள்.

முதலில் கையில் எடுத்து அடியை வளையுங்கள். விரல் மடியும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் இரண்டாக மடிந்தால் வேண்டாம், கால்வைக்கும் தண்டு உள்ளங்காலை அறுக்கும். பிறகு ஒரு கையால் குதியையும் மறு கையால் முன்முனையையும் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். நன்றாக முரண்டு பிடிக்க வேண்டும். வண்டி கால்மேல் விழும்போது பாதம் நசுங்காமல் காப்பது அந்த முரண்டுதான். மோட்டார் சைக்கிள் பாதணிகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 13634 சோதிப்பவற்றில் இந்த அகலவாட்டு விறைப்பும் ஒன்று. உரசல் தாங்குவதும் வெட்டுத் தாங்குவதும் மற்றவை. அந்தத் தர எண் பதித்த சப்பாத்து உங்களுக்குக் கிடைத்து, விலையும் கைக்கு எட்டினால் யோசிக்காமல் வாங்குங்கள். எட்டாதவர்கள் அந்தச் சோதனைகளின் கருத்தை எடுத்துக்கொண்டு, எந்தக் கடையிலும் கையாலேயே சோதிக்கலாம்.

அடி எதனால் செய்தது என்று கேளுங்கள். இறப்பர் என்றால் நனைந்த தார் வீதியிலும் பிடிக்கும். பி.வி.சி. விலை குறைவு, பார்க்கப் பளபளக்கும், ஈரமான சீமெந்துத் தரையிலும் மாபிள் படியிலும் வழுக்கும். மேற்புறத்துக்குத் தடித்த தோலுக்கு நிகர் இல்லை. கன்வஸ் இரண்டாம் பட்சம். காற்று வரட்டும் என்று வலைத்துணியில் செய்த சப்பாத்து தார் வீதியில் உரசினால் கணப்பொழுதில் கிழியும். உள்ளே இருப்பது உங்கள் தோல்.

உயரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பு மொழி இரண்டும் சப்பாத்துக்குள் மறைய வேண்டும். வண்டி பக்கவாட்டில் சாயும்போது முதலில் தரையிலோ இரும்பிலோ அடிபடுவது அந்த மொழிதான். உயரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: கழுத்து உயர்ந்த சப்பாத்து உருவிக்கொண்டு போவது அரிது.

இப்போது மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறுங்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் மறுக்க மாட்டார்கள். அடியில் மண் படாமல் ஒரு கடதாசி விரித்துக்கொள்ளலாம். சப்பாத்தின் முனை கியர் தண்டுக்கு அடியில் உரசாமல் நுழைகிறதா? நுழைந்ததும் கணுக்காலை மேலே மடக்கித் தண்டைத் தூக்க முடிகிறதா, அல்லது கழுத்துப் பகுதி முட்டிக்கொண்டு நிற்கிறதா? வலது காலைப் பிரேக் மிதியின் மேல் மிதிக்காமல் வைத்திருக்க முடிகிறதா? முனை தடிப்பதால் கொஞ்சம் இடைஞ்சல் என்றால் சப்பாத்தைக் குறைசொல்லத் தேவையில்லை. கியர் தண்டு பல்வெட்டு உள்ள ஓர் அச்சில் மாட்டி ஆணியால் இறுக்கப்பட்டிருக்கிறது. கராஜில் அந்த ஆணியைத் தளர்த்தி, தண்டை ஒரு பல் மேலே ஏற்றி மாட்டித் தருவார்கள். பிரேக் மிதியின் உயரத்தையும் அப்படியே திருத்தலாம். புதிய சப்பாத்து வாங்கிய அன்றே இரண்டையும் செய்துகொள்வது நல்லது.

கட்டட வேலைக்குப் போடும், விரலுக்கு மேல் இரும்புக் கவசம் வைத்த பாதுகாப்புச் சப்பாத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 20345 தரம் பெற்றதாக இருந்தால் அதன் விரல் கவசம் 200 ஜூல் மோதலைத் தாங்கும்படி சோதிக்கப்பட்டிருக்கும். ஹாட்வெயார் கடைகளில் இவ்வகைச் சப்பாத்து எளிதில் கிடைக்கிறது, உழைக்கவும் உழைக்கும், வீதி வேலை, மின்சார வேலை, பண்ணை வேலை செய்கிறவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். தடித்த முனை கியர் தண்டுக்கு அடியில் நுழைகிறது என்றால் அதையே ஓட்டவும் போடலாம். நுழையாவிட்டால் தண்டை உயர்த்துங்கள். அப்போதும் நுழையாவிட்டால் வேலைத்தலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டரில் போகிறவர்கள்

ஸ்கூட்டரில் கியரும் இல்லை, கால் பிரேக்கும் இல்லை. அதனால் காலுக்கு வேலை இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ஊன்றுவதும் பெரிய ஸ்டாண்டை மிதித்து ஏற்றுவதும் கால்தானே. சேலை கட்டிப் பாடசாலைக்கும் கந்தோருக்கும் போகிற ஆசிரியைகள், உத்தியோகத்தர்கள், அபாயா அணிகிற சகோதரிகள் எல்லோருக்கும் ஒரே யோசனைதான்: குதி உயர்ந்த செருப்பை இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில் வைத்துவிட்டு, தட்டையான, மூடிய, குதி பிடிக்கும் சப்பாத்தோடு ஓட்டுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். உயர்ந்த குதியின் கூர்முனை சேலைக் கரையிலும் அபாயாவின் விளிம்பிலும் செருகிக்கொள்ளும் ஆபத்தும் அதோடு போய்விடும்.

மாரிக்கு

ஐப்பசிக் கடைசியில் தொடங்கித் தை வரை நம் பக்கம் நனையும். இந்த மாதங்களில் சப்பாத்து நனையாமல் இருக்காது. நனைந்தால் என்ன செய்வது என்றுதான் யோசிக்க வேண்டும். வயலுக்குப் போடும் முழு இறப்பர் பூட்ஸில் ஓட்டுவது நல்லதல்ல. உள்ளே கால் ஆடும், மேல்வாயால் மழைநீர் இறங்கி நிறையும், பிறகு காலைத் தூக்கவே பாரம். தோல் சப்பாத்துக்கு மெழுகு பூசி, மழைக்கால்சட்டையின் காலைச் சப்பாத்தின் கழுத்துக்கு வெளியே விடுங்கள். உள்ளே செருகினால் மழைநீர் நேரே சப்பாத்துக்குள்தான் போகும். மாற்றுக் காலுறை ஒரு சோடியைப் பொலித்தீன் பையில் வைத்திருங்கள். ஈரக் காலுறையோடு நாள் முழுவதும் இருந்தால் விரலிடையில் சேற்றுப்புண் வரும். வயல் நீரும் வெள்ள நீரும் பட்ட கால் என்றால் இன்னும் கவனம் வேண்டும். காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவும் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். வீட்டுக்கு வந்ததும் காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரலிடையைத் துடைத்துக் காயவிடுங்கள்.

கிரான் புலிபாய்ந்தகல் வீதியிலோ கிட்டங்கித் தாம்போதியிலோ மேலே நீர் ஓடிக்கொண்டிருந்தால் எந்தச் சப்பாத்தும் உதவாது. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துச் சென்றதை நாம் மறக்க முடியாது. வண்டியைத் திருப்புங்கள்.

பின்னால் இருப்பவரின் கால்

ஓட்டுகிறவர் சப்பாத்தோடும் பின்னால் பிள்ளை வெறுங்காலோடும் போவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. கால் எட்டாத பிள்ளையின் குதி பின் சில்லின் கம்பிகளுக்குள் போனால் குதித்தோலும் தசையும் பிய்ந்துவிடும்; ஆற மாதக்கணக்காகும். பிள்ளையின் கால் கால்வைக்கும் தண்டை எட்டும்வரை பின்னால் ஏற்றாதீர்கள். எட்டிய பிறகு, குதி மூடிய சப்பாத்துப் போட்டு ஏற்றுங்கள். பாடசாலைச் சப்பாத்தே போதும். பின் சில்லை மறைக்கும் சேலைக் காப்புக் கம்பியை அழகுக்காகக் கழற்றிவிடாதீர்கள்.

இறங்கும்போது இடப்பக்கமாக இறங்கப் பழக்குங்கள், வலப்பக்கம் சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டுக் காட்டுங்கள்; பற்பசையும் நெய்யும் பூச வேண்டாம். சர்க்கரை வியாதி நீண்ட காலமாக உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சுட்டதே தெரியாமல் போகும். அவர்கள் வண்டியில் ஏறினால் கணுக்கால் மூடிய தோல் சப்பாத்துக் கட்டாயம், வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்கிய பிறகு

புதிய சப்பாத்தோடு முதல் நாளே பொத்துவிலுக்குப் புறப்பட வேண்டாம். ஒழுங்கைக்குள் சில நாள் ஓட்டுங்கள். கியர் எங்கே படுகிறது, பிரேக் எவ்வளவில் பிடிக்கிறது என்று கால் புதிதாகப் படிக்க வேண்டும். அடியை வெறும் பசையால் ஒட்டியிருந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றிவரத் தைத்துவிடுங்கள். பிரிந்த பிறகு தைப்பதைவிடப் பிரியும் முன் தைப்பது நன்றாக நிற்கும்.

நனைந்த சப்பாத்தை வெயிலில் வைக்காதீர்கள், கச்சான் காற்று வீசும் நாளில் கூட. தோல் வெடிக்கும், பசை இளகும். உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள்.

இன்னொன்றைப் பலர் அறியாமல் ஏமாந்துபோகிறார்கள். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற நம் ஊரில் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. பொலியூரித்தேன் என்ற பொருளால் செய்த அடி அந்த ஈரத்தை உறிஞ்சி, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளுக்குள் சிதையும். கலியாணத்துக்கு வாங்கிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த சப்பாத்தை எடுத்துப் போட்டால், பார்க்கப் புதிதாகவே இருக்கும். பத்து அடி நடந்ததும் அடி தூள்தூளாக உதிரும். அது பிரேக் மிதியின் மேல் நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆகவே நல்ல சப்பாத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டு உழைக்கவிடுங்கள். மலிவு விற்பனையில் பழைய இருப்பை வாங்கும்போது அடியின் ஓரத்தைப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தாலோ துகள் உதிர்ந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாதம் ஒரு தடவை வண்டி கழுவும்போது சப்பாத்தையும் புரட்டிப் பாருங்கள். குதியின் வெளி ஓரமும், கால்வைக்கும் தண்டு படும் நடுப்பகுதியும் முதலில் தேயும். அங்கே வெட்டுகள் மறைந்து மட்டமாகிவிட்டால், மேற்புறம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தச் சப்பாத்தோடு ஓட்ட வேண்டாம். தோல் நல்ல நிலையில் இருந்தால் புதிய இறப்பர் அடி போட்டுத் தரக் கேளுங்கள்; புதிது வாங்குவதைவிடச் செலவு குறைவு, காலுக்குப் பழகிய சப்பாத்தும் கையை விட்டுப் போகாது.